வியட்நாமில் சிறு யூனிட்: சட்டை தையலா, பிளாஸ்டிக் மோல்டிங்கா?

புதுவரவு:
1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட டோய் மோய் சீர்திருத்தம், 2007இல் உலக வர்த்தக அமைப்பு, 2009இல் பாக் நின்னில் சாம்சங் போன் உற்பத்தி என்று வியட்நாம் வளர்ந்த கதை தெரியும். 2024இல் ஏற்றுமதி 400 பில்லியன் டாலரைத் தாண்டியது. அதில் சுமார் 70% வெளிநாட்டு முதலீட்டு ஆலைகளுடையது. பெரிய ஆட்கள் நடுவில் சிறு யூனிட்டுக்கு என்ன மிச்சம்? தையல், இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்திப் பொருள் செய்வது) இரண்டில் எது தாங்கும்? கூலிக் கணக்கு மட்டும் போட்டால் போதுமா?

நூல்கண்டு:
கூலி அப்புறம். தையல் என்றால் முதல் கேள்வி, துணி எந்த ஊர்த் துணி?

சீனத் துணியை வியட்நாமில் வெட்டித் தைத்தால் 'மேட் இன் வியட்நாம்' லேபிள் போடலாம். ஆனால் 2020 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் வரிச்சலுகை அந்தச் சட்டைக்குக் கிடைக்காது. நெசவும் அங்கேயே நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கமான 12% வரிதான். கொரியத் துணிக்கு விலக்கு உண்டு, அதை உள்நாட்டுத் துணி போலவே கணக்கில் எடுக்கிறார்கள். பசிபிக் வட்டார நாடுகளின் சிபிடிபிபி வர்த்தக ஒப்பந்தம் இன்னும் கறார்: நூலிலிருந்தே உறுப்பு நாடுகளுக்குள் இருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது கிடங்கில். கொரிய ரோலும் சீன ரோலும் ஒன்றாகக் கிடந்து, ரோல் எண் குறிக்காமல் வெட்டு மேசைக்குப் போய்விடும். பிறகு எந்தச் சட்டை எந்த ரோலில் வெட்டியது என்று நிரூபிக்க வழியே இல்லை. ரோல் எண், வெட்டுச் சீட்டு, பண்டல் டிக்கெட் (வெட்டிய துண்டுக் கட்டில் கட்டும் சீட்டு) மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

அந்த நாட்டில் தைக்க ஆள் தாராளம். இழுபறி சாயம், ஃபினிஷிங்கில்தான். கழிவுநீருக்குப் பயந்து பல மாகாணங்கள் சாய ஆலை வேண்டாம் என்கின்றன.

மோல்டுகாரர்:
சிறு யூனிட்டுக்கு மோல்டிங்தான் என் ஓட்டு. தட்டு, மூடி, உறை மாதிரி இடத்தை அடைக்கிற சாமான்களைத் தூரத்திலிருந்து கொண்டுவந்தால் காற்றுக்குத்தான் சரக்குக் கட்டணம். அதனால் அசெம்பிளி ஆலைகள் பக்கத்திலேயே வாங்கப் பார்க்கும். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

பழைய மெஷின்: பொது விதிப்படி 10 வருடத்துக்கு மேற்பட்டதை இறக்க முடியாது. கப்பலில் ஏற்றும் முன்பே தயாரிப்பு ஆண்டுத் தகட்டைப் படம் எடுத்து, ஆய்வுச் சான்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

தீயணைப்பு ஒப்புதல்: 2022க்குப் பிறகு கெடுபிடி அதிகம். வாடகை ஷெட்டுக்கு ஏற்கெனவே ஒப்புதல் இருந்தாலும், உள்ளே இடைத்தளம் கட்டினாலோ உயரமான ரேக் வைத்தாலோ மறுபடி முதலிலிருந்து போகவேண்டி வரும். லேஅவுட்டை முடிவு செய்த பிறகே ஷெட் பிடியுங்கள்.

மின்சாரம்: 2023 மே, ஜூனில் நீர்மின் அணைகள் வற்றி வடக்கே ஆலைகளுக்கு வெட்டு விழுந்தது. 2024 ஆகஸ்டில் 519 கி.மீ. நீள 500 கிலோவோல்ட் லைன் வந்தபின் தெற்கு மின்சாரம் கூடுதலாக மேலே வருகிறது. இருந்தாலும் ஜெனரேட்டரைப் பட்ஜெட்டில் சேருங்கள். ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் பேரலில் (மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கும் குழாய்) பிளாஸ்டிக் உறையும். பிவிசி ஆக இருந்தால் சூட்டிலேயே கருகி அமில வாயு விட்டு, உள்ளே பிளாஸ்டிக்கைத் தள்ளும் ஸ்க்ரூவை அரிக்கும். முன்னறிவிப்பு வந்த வெட்டு என்றால் பிவிசியை பாலிஎத்திலீன் விட்டுத் தள்ளிவிட்டு நிறுத்துவது நல்லது.

கணக்கர்:
கூலி விஷயம் விட்டுப்போனது. முதல் மண்டலத்தில் (பெருநகரப் பகுதிகள், சம்பள வரம்பு அதிகம்) குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதம் 53.1 லட்சம் டோங். அந்தத் தொகைக்கு ஆள் கிடைப்பார் என்று நம்பிவிடாதீர்கள். காப்பீட்டுக்கு முதலாளி பங்கு 21.5%, தொழிற்சங்க நிதி 2%. ஆக, காப்பீட்டுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 80 லட்சம் டோங் என்றால் மேற்செலவு 18.8 லட்சம். 13ஆவது மாதச் சம்பளம் சட்டக் கட்டாயமில்லை. ஆனால் கொடுக்காவிட்டால் டெட் (வியட்நாமியப் புத்தாண்டு) விடுமுறைக்குப் போன ஆள் திரும்பி வருவது சந்தேகம்.

ஓவர்டைம் மாதம் 60 மணி வரை, வருடம் 300 வரை. ஐந்தே மாதத்தில் 60 வீதம் தீர்த்துவிட்டால் பீக் சீசனில் கையில் ஒன்றும் இருக்காது.

இன்னொன்று: தொழிற்பூங்கா நிலக் குத்தகை 50 வருடம் என்பார்கள். அது பொதுவாகப் பூங்காவுக்கு உரிமம் கொடுத்த நாளிலிருந்து ஓடுவது, நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அல்ல. 1997 பூங்கா என்றால் மிச்சம் சுமார் 20 வருடம்தான்.

புதுவரவு:
நன்றி. மோல்டிங் என்றால் வடக்கா, தெற்கா?

மோல்டுகாரர்:
வாடிக்கையாளர் போன் ஆலை என்றால் வடக்கு. பாக் நின், தாய் ங்குயென் பக்கம். காலணி, ஃபர்னிச்சர் உதிரி என்றால் தெற்கு. 2025 ஜூலையில் மாகாணங்களை 63இலிருந்து 34ஆக இணைத்துவிட்டார்கள்: பாக் ஜியாங் இப்போது பாக் நின்னில், பின் ஜுவாங் ஹோ சி மின் நகரில். பழைய பத்திரங்களில் பழைய பெயர்தான் இருக்கும். முகவரி பொருந்தவில்லை என்று பதற வேண்டாம், பூங்காவின் பெயரை வைத்துச் சரிபாருங்கள்.