கிறீஸ் பூதம் எந்தப் பக்கம் ஓடியது? 2011 அனுபவங்களைப் பகிருங்கள்

ஏட்டுச்சுவடி:

2011 ஓகஸ்ட்டில் இலங்கையில் இருந்தவர்களுக்குக் கிறீஸ் பூதத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு வந்து பெண்களைக் கீறிவிட்டு ஓடுகிறான் என்று அப்போது ஊரூராகப் பேசப்பட்ட ஆள். அது உண்மையா பொய்யா என்று இங்கே அடிபட வேண்டாம். எனக்கு வேண்டியது மூன்று விஷயம்: யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள், கேட்டதும் என்ன செய்தீர்கள், துரத்தினபோது அது எந்தப் பக்கம் ஓடியதாகச் சொன்னார்கள். கடைசிக் கேள்விக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள்.

நான் நாட்டாரியல் படிக்கிறவன். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு வருகிற ஆள் எங்களுக்குப் புதியவன் இல்லை. பிடித்தால் வழுக்கிக்கொண்டு தப்புவதற்காகக் கோவணத்தோடு வருகிற பழைய கள்வன் அவன். 2011 இல் அவன் களவை விட்டுவிட்டான். சப்பாத்தில் ஸ்பிரிங், கையில் இரும்பு நகம், இலக்கு பெண்கள். மலையகம், கிழக்கு, புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் என்று சில வாரத்துக்குள் பரவிவிட்டான். போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவசரகாலச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது.

ஸ்பிரிங்கையும் நகத்தையும் வைத்து அதிகம் கண்டுபிடிக்க முடியாது. 1837, 38 இல் லண்டனைக் கலக்கின 'துள்ளும் ஜாக்'குக்கும் அதே துள்ளல்தான். நாசிகள் பிடித்து வைத்திருந்த பிராக் நகரத்திலும் கூரைக்குக் கூரை பாய்கிற ஸ்பிரிங் மனிதன் ஒருவன் கதையில் உலவினான். 2001 மே மாதம் டில்லியில் வந்த குரங்கு மனிதனுக்கும் இரும்பு நகம். வேஷம் ஊர் ஊராகப் போகும். ஆனால் ஆள் கடைசியில் எங்கே போய் மறைகிறான் என்பதை அந்தந்த ஊர்தான் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

கரைவலை:

யாழ்ப்பாணக் கரையோரம். நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு முதலில் கதை வந்தது மீன் வாங்க வருகிற வியாபாரியோடு. அவருக்கு யாரோ மன்னாரில் சொன்னதாம். அடுத்த கிழமையே கோயில் மணி இராத்திரியில் அடித்தது. ஊரே சவளும் பொல்லும் ரோர்ச்சுமாக இறங்கினது.

ஆள் வேலி பாய்ந்து போனான் என்றார்கள். எந்த வேலி என்று கேட்டால் நாலு பேர் நாலு வேலியைக் காட்டினார்கள். ஆனால் எந்த வேலியால் பாய்ந்தாலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: ஆமிக் காம்ப். இதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஒன்று என் கண்ணால் கண்டேன். ஒரு வீட்டுக் கிடுகு வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதன் ஓரத்தில் கறுப்பாகக் கிறீஸ். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு படகு எஞ்சின், வீட்டுக்கு வீடு கிறீஸ் டப்பா. அதனால் அது ஒரு சாட்சியே இல்லை என்று நான் நினைத்தேன். பக்கத்து வளவுக் கிழவர் குனிந்து விரலால் தொட்டு, மணந்து பார்த்துவிட்டு, "இது எங்கட எஞ்சின் கிறீஸ் இல்லை" என்றார். அதோடு வழக்குத் தீர்ந்தது. அவர் ஐம்பது வருடம் கடலில் கிடந்த மனிதர், அவரோடு யார் வாதாடுவது?

நாவாந்துறையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 22 ஆம் திகதி இரவு, ஆட்கள் முகாமுக்குள் போனார்கள் என்று சனம் திரண்டது. பிறகு படையினர் ஊருக்குள் இறங்கினார்கள். அடி, நூற்றுக்கு மேற்பட்டோர் கைது, அப்புறம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கு. பூதம் கதையாக இருக்கலாம். முறிந்த கை கதை இல்லை.

சந்தேகி:

ஸ்பிரிங் சப்பாத்தோடு ஒருவனையாவது பிடித்தார்களா? பிடித்து அடித்ததெல்லாம் ஊருக்குப் புதிய ஆட்களையும், புத்தி சுவாதீனம் இல்லாதவர்களையும்தான். மலையகத்தில் இருவரைக் கொன்றே போட்டார்கள். புத்தளத்தில் 21 ஆம் திகதி ஒரு பொலிஸ் கான்ஸ்டபிளைக் கூட்டம் கொன்றது. இதற்கு நாட்டாரியல் என்று பெயர் வைத்தால் கொலை கலாசாரமாகிவிடுமா?

ஏட்டுச்சுவடி:

ஆகாது. கதை என்று சொல்வதால் கொலையின் கனம் குறையாது. அந்தக் கொலைகளை விளங்கிக்கொள்ளத்தான் கதையைப் பார்க்கிறோம்.

லூயிஸ் வைட் என்ற வரலாற்றாசிரியர் காலனிய கிழக்கு ஆபிரிக்காவில் பரவின ஒரு வதந்தியை ஆராய்ந்தார். தீயணைப்புப் படையினர் இரவில் ஆட்களைப் பிடித்து இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பேச்சு நைரோபியில் வருடக்கணக்காக இருந்தது. யாரும் இரத்தம் எடுக்கவில்லை என்று நிரூபித்துவிட்டு அவர் ஓய்ந்துவிடவில்லை. வெள்ளைக்கார ஆட்சி தங்கள் உடம்பை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல அந்தச் சனத்துக்கு வேறு எந்தப் பேச்சும் இவ்வளவு பொருத்தமாக இருக்கவில்லை என்றார். ரணஜித் குஹாவும் விவசாயிகள் கலகங்களைப் பற்றி எழுதும்போது வதந்திக்கு ஆசிரியர் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறார். சொன்னவனைப் பிடிக்க முடியாது, கேட்டவன் எல்லாம் சொன்னவன் ஆகிவிடுவான். சென்றிக்குச் சென்றி, ஒவ்வொரு காவலரணிலும், அடையாள அட்டை காட்டிப் பழகின சனத்துக்கு அது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சிங்களச் சடங்கு மரபில் யக்கு என்கிற பேய் தன் இஷ்டத்துக்கு மனிதரைத் தொட முடியாது. மேலே உள்ள தெய்வங்களும், அவற்றுக்கும் மேலே புத்தரும் கொடுத்த அனுமதிக்குள்தான் அது வேலை செய்யலாம். கணநாத் ஒபேசேகர இதை விரிவாக எழுதியிருக்கிறார். தெற்கின் மரபு வடக்கின் பயத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேய்க்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்கிற ஒரு தீவில், பேய் முகாமுக்குள் போனது என்று சனம் சொன்னது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

கொழுந்துக்கூடை:

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் காம்ப் கிடையாது. அதனால் எங்கள் பூதம் வாகனத்தில் போனது. இலக்கத்தகடு இல்லாத வாகனம். தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் கணக்கு வளைவில் லைட்டை அணைத்துக்கொண்டு நிற்குமாம். வெள்ளை வானில் ஆள் கடத்துகிற காலம் இல்லையா, யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் சொன்ன காரணமும் வேறு. புதையல் எடுக்கப் பெண்களின் இரத்தம் வேண்டுமாம், மேலிடத்தில் யாருக்கோ கண்டம் கழிக்கவாம். பெயரைக் காதில்தான் சொல்வார்கள், அதுவும் லயத்துக்கு லயம் மாறும். பெண்கள் கும்பலாகத்தான் மலை ஏறினார்கள். ஆண்கள் இரவெல்லாம் காவல் இருந்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகவில்லை. அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

எங்கள் அப்பாயிக்கு மட்டும் பயமே வரவில்லை. "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில பாலம் கட்ட தலை வெட்டுறான்னாங்க, இப்ப இவனாக்கும்" என்று வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

ஏட்டுச்சுவடி:

அப்பாயி சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். போர்னியோவிலும் அரசாங்கம் பாலமோ அணையோ கட்ட வரும்போதெல்லாம் தலை வெட்டுகிறார்கள் என்ற பீதி கிளம்பியிருக்கிறது. காட்டுக்குள் அரசாங்கம் முதலில் வருவது கட்டுமான வேலையாகத்தான். வாகனமும் அப்படியே: வைட் கேட்ட கதைகளிலும் இரத்தம் எடுப்பவர்கள் பெரும்பாலும் வாகனத்தில்தான் வருகிறார்கள்.

நோன்புக்கஞ்சி:

எல்லோரும் ஓடின திசையையே பேசுகிறீர்கள். கீறு வாங்கினவர்களை ஒருவரும் பேசவில்லை. நான் சொல்கிறேன்.

நாங்கள் புத்தளம் பக்கம். அது ரமழான் மாதம். ஆண்கள் எல்லோரும் தராவீஹ் தொழுகைக்குப் போன நேரம், வீட்டில் பெண்களும் பிள்ளைகளும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கிணற்றடிக்குப் போய்க் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். இடது முழங்கைக்குக் கீழே மூன்று கீறல். ஆழமில்லை, ஆனால் இரத்தம். உம்மாதான் மஞ்சள் வைத்துக் கட்டினார். அப்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு கை."

சரி. தொழுகை முடிந்து ஆண்கள் வந்தார்கள். என்ன நிறம் என்றார்கள். கறுப்பு என்றாள். எண்ணெய் வாசம் அடித்ததா என்றார்கள். யோசித்துவிட்டு ஓம் என்றாள். அடுத்த தெருவிலிருந்து வந்தவர்களுக்கு அவளைச் சொல்ல விடவே இல்லை, அவளுடைய மாமா சொன்னார். அந்தத் தடவைதான் இரும்பு நகம் வந்தது. பொலிஸுக்குப் போனபோது ஸ்பிரிங்கும் வந்துவிட்டது. முறைப்பாடு எழுதினவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, அந்த நேரத்தில் உனக்குக் கிணற்றடியில் என்ன வேலை என்பது.

அவள் பொய் சொல்லவில்லை. யாரோ கையைப் பிடித்தது உண்மை, கீறல் உண்மை. அது யார் என்று தேட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை, பூதம் பிடிக்கப் போய்விட்டார்கள். தெரிந்த ஆளாக இருந்திருந்தால் அவனுக்கு அந்த மாதம் நல்ல காலம். ஒளிந்துகொள்ள இப்படி ஒரு இடம் யாருக்குக் கிடைக்கும்?

சந்தேகி:

அக்கா, இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லப் பார்த்தேன். உங்களைப் போலச் சொல்ல வரவில்லை.

கரைவலை:

எங்கள் ஊரிலும் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் காம்ப்புக்குள் ஒருவரும் போகவில்லை என்று என்னால் எழுத முடியாது. அந்தக் கிழவரின் மூக்கை நான் இன்னும் நம்புகிறேன்.

ஏட்டுச்சுவடி:

நோன்புக்கஞ்சி அக்கா, ஒரு வாய் கேட்டு இன்னொரு வாய் சொல்லி அந்தக் கை எப்படி வளர்ந்தது என்று இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒன்று கேட்கலாமா? அந்தப் பிள்ளை இப்போது அதை எப்படிச் சொல்கிறார்?

நோன்புக்கஞ்சி:

இப்போது கேட்டால் பூனை கீறினது என்கிறாள்.

ஏட்டுச்சுவடி:

எப்போதிலிருந்து பூனை? 2015 இல் ஆட்சி மாறின பிறகா?

நோன்புக்கஞ்சி:

இல்லை தம்பி. அவளுக்குக் கலியாணம் பேசத் தொடங்கினதிலிருந்து.