புதுப்பிப்பு: குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி, ஏத்தாப்பூர் குளவி

போன பதிவில், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் 2022-ல் வெளியிட்ட அனகைரஸ் லோபெசி ஒட்டுண்ணிக் குளவி (பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது) பற்றி எழுதியிருந்தேன். "குளவி விட்டும் பூச்சி குறையலையே" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். ஒன்றை நசுக்கினால் மஞ்சள் நீர் வந்தால் அது பப்பாளி மாவுப்பூச்சி. அதை இந்தக் குளவி தொடாது, அதற்கு அசிரோபேகஸ் பப்பாயே என்ற வேறு குளவி. உடம்பு இளஞ்சிவப்பாக இருந்து, நுனிக் கணுக்கள் குறுகி இலை கொத்தாகச் சுருண்டிருந்தால் அது குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி, அதில்தான் இந்தக் குளவி வேலை செய்யும்.

அடுத்தது மருந்து. குளவி விட்ட வயலில் புரொபெனோபாஸ் அடித்தால் குளவிதான் முதலில் சாகும். முட்டையிலிருந்து குளவியாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதற்குள் மருந்தடிக்கக் கை அரிக்கத்தான் செய்யும், பொறுங்கள். கொத்து இலைக்குள் பழுப்பாக உப்பி, ஓட்டை விழுந்த கூடு தெரிந்தால் குளவி பிடித்துவிட்டது. அந்தக் கொழுந்தை ஒடித்து எரித்துவிடாதீர்கள். எறும்புச் சாரி இருந்தால் தடுங்கள், அது குளவியை அண்டவிடாது.

கரணை (நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு) விஷயம் பழையபடிதான்: பூச்சியில்லாத செடியின் நடுத்தண்டில் 15 செ.மீ., 8-10 கணு, மொட்டு மேல்நோக்கி.