மரியாடிபி நின்றுபோன கணினியில் மைஎஸ்கியூஎல் நிறுவல் தோல்வி: பழைய தரவை மீட்க வழி உண்டா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் நூலகர்

வணக்கம். கடலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். உபுண்டு 22.04 இயங்குதளம் நிறுவிய கணினியில் கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஏறத்தாழ 14,000 நூல்களின் பட்டியல் அதில் உள்ளது. சென்ற வாரம் பெய்த மழையில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, கணினி திடீரென அணைந்தது. மறுநாள், கோஹாவின் தரவைச் சேமித்துவைக்கும் தரவுத்தள மென்பொருளான மரியாடிபி தொடங்கவேயில்லை. அது பழுதாகிவிட்டது என்று எண்ணி, ஒரு காணொளியைப் பார்த்து, அதைப் போன்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் சேவையகத்தை நிறுவ முயன்றேன். வட்டில் இடம் போதவில்லை என்று முதலில் செய்தி வந்ததால், சில பழைய பதிவுக் கோப்புகளை அழித்துவிட்டு மீண்டும் முயன்றேன். இம்முறை நிறுவல் மரியாடிபியை நீக்கிவிட்டது. ஆனால் மைஎஸ்கியூஎல் சேவை தொடங்க மறுத்து, '/இடிசி/மைஎஸ்கியூஎல்' அடைவில் உள்ள 'ஃப்ரோசன்' என்னும் கோப்பைப் பார்க்கச் சொல்கிறது. '/வார்/லிப்/மைஎஸ்கியூஎல்' அடைவை முழுவதுமாக அழித்துவிட்டு மறுபடி நிறுவுமாறு இணையத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள். அவ்வாறு செய்யலாமா?

மறுமொழி 1: முத்தியால்பேட்டை

அம்மா, தயவுசெய்து அந்த அடைவைத் தொடாதீர்கள். உங்கள் நூற்பட்டியல் முழுவதும் இருப்பது அதற்குள்தான். புதிய கணினியில் வெறும் நிறுவல் தவறியவர்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் அது. உங்களுக்கு அது நஞ்சு.

'ஃப்ரோசன்' கோப்பு பழுதின் அடையாளமன்று, பாதுகாப்பு. அடைவில் மரியாடிபியின் தரவு இருப்பதைக் கண்டுகொண்டு, அதன்மேல் கை வைக்காமல் மைஎஸ்கியூஎல் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. இரண்டும் ஒரே வேரிலிருந்து 2009-இல் பிரிந்தவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2018-இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0, அட்டவணைகளின் வரையறையைத் தனிக் கோப்புகளில் வைக்கும் பழைய முறையையே கைவிட்டுவிட்டது. மரியாடிபி அதைத் தொடர்கிறது. ஆகவே ஒன்றின் கோப்புகளை மற்றொன்று அப்படியே திறக்க இயலாது. அந்தக் கோப்பை மட்டும் நீக்கிவிட்டுச் சேவையை வலிந்து தொடங்கவும் முயல வேண்டாம்.

மறுமொழி 2: வில்லியனூர் கணினியர்

மேலே சொன்னது சரி. ஆனால் மூலக்காரணம் மின்தடை என்று நான் கருதவில்லை. திடீரென அணைந்தால், அடுத்த தொடக்கத்தில் இன்னோடிபி (மரியாடிபிக்குள் தரவைச் சேமிக்கும் பகுதி) தன் பதிவேட்டைப் படித்துப் பெரும்பாலும் தானாகவே மீண்டுவிடும். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன 'இடம் போதவில்லை' என்பதுதான் முக்கியமான செய்தி. மரியாடிபி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தற்காலிக அட்டவணைகளுக்காக 12 எம்பி அளவில் ஒரு கோப்பைப் புதிதாக உருவாக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சேவைக்கு அந்தக் கோப்பு இருந்தது. அணைந்து எழுந்த சேவைக்கு அதை உருவாக்க இடமில்லை. மின்தடை வராவிட்டாலும், அடுத்த மறுதொடக்கத்தில் இதே நிலைதான் வந்திருக்கும்.

முதலில் 'டிஎஃப்' கட்டளையால் '/வார்' பகுதி எவ்வளவு நிரம்பியுள்ளது என்று பார்த்து இடத்தை விடுவியுங்கள். பிறகு தரவு அடைவு முழுவதையும், உரிமைகள் மாறாதபடி, வெளி வட்டில் நகலெடுங்கள். '/வார்/ஸ்பூல்/கோஹா' அடைவையும் பாருங்கள். கோஹா இரவுதோறும் எடுக்கும் காப்புநகல் அங்கே இருக்கும், ஆனால் இயல்பமைப்பில் இரண்டு நாள் நகல்களே தங்கும் என்பதால் இப்போதே பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பின் மைஎஸ்கியூஎல்லை 'ரிமூவ்' முறையில் மட்டும் நீக்குங்கள். 'பர்ஜ்' கொடுத்தால் தரவுத்தளங்களையும் அழிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று தட்டிவிட்டு அழுதவர்களை நான் அறிவேன். நீக்கியபின் 'ஃப்ரோசன்' கோப்பை அகற்றி, முன்பிருந்த அதே மரியாடிபி 10.6 பதிப்பை உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். கோஹாவுக்கு மரியாடிபியே போதும். மைஎஸ்கியூஎல்லுக்கு மாற வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. '/வார்' பகுதி 20 ஜிபி. 100 விழுக்காடு நிரம்பியிருந்தது. காரணம் நாங்களேதான்: பழைய வினாத்தாள்களை ஸ்கேன் செய்து இணையச் சேவையகத்தின் அடைவிலேயே சேர்த்துவந்தோம், அவை மட்டும் 11 ஜிபி. அவற்றை '/ஹோம்' பகுதிக்கு மாற்றிவிட்டு, நீங்கள் கூறிய வரிசையிலேயே செய்தேன். மரியாடிபி முதல் முயற்சியிலேயே தொடங்கியது. நூல்களின் எண்ணிக்கை மார்ச் மாத இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது. கோஹாவின் காப்புநகல் அடைவில் இருந்த கடைசிக் கோப்பு மட்டும் சுழி அளவில் இருக்கிறது. வட்டு நிரம்பிய இரவில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

மறுமொழி 2: வில்லியனூர் கணினியர்

அப்படியானால் இன்றைக்கே 'கோஹா-டம்ப்' கட்டளையால் ஒரு நகலைக் கையால் எடுத்து, அளவைச் சரிபார்த்து, அந்தக் கணினிக்கு வெளியே வையுங்கள்.