டார்ஜான் கதைகளை எழுதிய எட்கர் ரைஸ் பர்ரோஸ்: இன்னும் மனசில் அரிப்பது எது?

வேலியோரம்:
லாஸ் ஏஞ்சல்ஸில் வென்ச்சுரா சாலை பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். 'டார்ஜானா' என்று அறிவிப்பு வந்தது. 1919இல் பர்ரோஸ் வாங்கிய பண்ணையின் பெயர் ஊருக்கே ஒட்டிக்கொண்ட கதைதான் உங்களுக்குத் தெரியுமே. சட்டென்று இறங்கிவிட்டேன். கடைகளுக்கு நடுவே அவருடைய கம்பெனி, சின்ன ஓட்டுக் கட்டடம். முன்னால் மரம். அவர் அஸ்தியை அங்கேதான் புதைத்தார்கள், பெயர்ப்பலகைகூட இல்லாமல். அந்த நிழலில் ஒருவர் போனில் யாருடனோ வாடகைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். 'இங்கே யார் இருக்கிறார் தெரியுமா' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

பழங்காகிதம்:
எனக்குப் புலி. 1912 அக்டோபர் 'ஆல்-ஸ்டோரி' இதழில் டார்ஜான் முதலில் வந்த வடிவத்தைப் படித்தேன். சபோர் என்ற மிருகம் பாய்கிறது, பார்த்தால் புலி! ஆப்பிரிக்கக் காட்டில்! அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாசகர்கள் அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்ட பிறகு, 1914 புத்தகத்தில் சபோர் பெண் சிங்கமாகிவிட்டது. ஆப்பிரிக்காவை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், 700 டாலர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மாடிப்படி:
மகளுக்கு ராத்திரி வாசித்துக் காட்டினேன். டார்ஜான் குடிசைக் கதவில் எச்சரிக்கை எழுதி ஒட்டும் இடம் வந்தது. மிருகங்களையும் கறுப்பர்கள் பலரையும் கொன்றவன் என்று தானே பெருமையாக எழுதுகிறான். குரல் நின்றுவிட்டது. "ஏம்மா நிறுத்திட்டே?" என்றாள். நான் ஏதோ தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

ஐந்தாம்நம்பர்:
பழங்காகிதம், ஆப்பிரிக்கா போகாதது குற்றமா? செவ்வாய்க் கிரகத்துக்கும்தான் போகவில்லை. 1912 பிப்ரவரியில் தொடங்கிய செவ்வாய்த் தொடர்தான் அவருடைய முதல் கதை, 400 டாலர். நான் ரயிலில் அதைப் படித்து இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போனேன், என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆளின் நிலைமையைப் பாருங்கள். 35 வயதைத் தாண்டியாயிற்று, கைவைத்த தொழிலெல்லாம் படுத்துவிட்டது. கடைசியில் பென்சில் சீவும் கருவி விற்க ஏஜெண்டுகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். மலிவுப் பத்திரிகைகளைப் புரட்டியவர், இந்தக் குப்பையை நானும் எழுதுவேன் என்று துணிந்தார். தோற்ற தொழில்களின் பழைய லெட்டர்ஹெட் தாள்களின் பின்பக்கத்தில் டார்ஜானை எழுதினார்.

இங்கே எழுத ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், கதையை ஒரே இடத்தில் விற்றுத் தலைமுழுகாதீர்கள். பத்திரிகை, அப்புறம் புத்தகம், 1918இல் சினிமா, 1929இல் செய்தித்தாள் படக்கதை என்று ஒரே டார்ஜானை அவர் எத்தனை தடவை காசாக்கினார்! 1923இல் தன் பெயரிலேயே கம்பெனி. 1931 முதல் தன் புத்தகங்களைத் தானே பதிப்பித்தார். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு உரிமையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மாடிப்படி, நீங்களும் டார்ஜானை விட்டுவிட்டுச் செவ்வாய்க் கதையைக் கொடுங்கள். டார்ஜான் இரண்டாம் பாகம் இன்னும் மோசம்.

மாடிப்படி:
யோசனை கேட்கவில்லை ஐயா. அவள் இரண்டாம் பாகத்தைத் தானே எடுத்துப் படிக்க ஆரம்பித்தாயிற்று. பாரிஸில் டார்ஜான் ஏன் இவ்வளவு சிகரெட் பிடிக்கிறான் என்று கேட்கிறாள்.