ஜீப் டயருக்குக் காத்து ஏத்த முக்கால் மணி நேரம் ஆகுது, எந்த மிஷின் வாங்கலாம்?

சூரியநெல்லி ஜீப்
அண்ணன்மாரே, ஒரு உதவி. கொழுக்குமலைக்கு விடியக்காலம் ஜீப்புல சுத்திப் பாக்க வர்ற ஆள் ஏத்துறேன். கல்லுப் பாதை தொடங்குற இடத்துல நாலு டயர்லயும் காத்தை 16 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்குற பவுண்டுக் கணக்கு) இறக்கிருவேன். அப்பதான் வண்டி தூக்கிப் போடாம ஏறுது, சவாரிக்காரங்களும் வாந்தி எடுக்காம இருக்காங்க. பிரச்சினை இறங்கி வந்த பிறகுதான். ஒன்பது மணிக்கு அதே ஆளுங்களை மூணாறுல விடணும், தார் ரோட்டுக்கு 32 வேணும். நான் இறங்குற நேரத்துக்கு இங்க பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது.

ஆன்லைன்ல ஒரு சின்ன மிஷின் வாங்கினேன். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுறது. பெட்டியில 150 பி.எஸ்.ஐ.ன்னு பெருசா போட்டிருந்துச்சு. ஒரு டயருக்கு ஒன்பது நிமிஷம் ஆகுது. ரெண்டு டயர் முடிஞ்சா சூடாகி அதுவா நின்னுரும், ஆற விடணும். போன வாரம் ஃபியூஸும் போயிருச்சு. சவாரிக்காரங்க டீ குடிச்சு முடிச்சு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பத்தாயிரத்துக்குள்ள வேகமா ஏத்துற மாதிரி என்ன வாங்கலாம்?

போடி டிப்பர்
தம்பி, டயர் சைஸ் என்ன? டியூப்பா, டியூப்லெஸ்ஸா?

சூரியநெல்லி ஜீப்
235/75 ஆர் 15 அண்ணே. போன வருஷம்தான் டியூப்லெஸ் மாத்தினேன்.

போடி டிப்பர்
நல்லதாப் போச்சு. டியூப் போட்ட டயர்ல இவ்வளவு இறக்கினா டயர் ரிம்முல நழுவும், டியூப்பையும் கூடவே இழுக்கும், வால்வு அடியோட பிய்ஞ்சிரும்.

இப்ப கணக்கைப் பாப்போம். உங்க டயருக்குள்ள சுமாரா 60 லிட்டர் இடம் இருக்கு. 14.7 பவுண்டு, அதாவது வெளிக்காத்தோட அழுத்தம் அளவுக்கு ஏத்தணும்னா இன்னொரு 60 லிட்டர் வெளிக்காத்தை உள்ள திணிக்கணும். 16-ல இருந்து 32-ன்னா ஒரு டயருக்கு 65 லிட்டர். உங்க மிஷின் அதுக்கு ஒன்பது நிமிஷம் எடுக்குது. அப்ப நிமிஷத்துக்கு ஏழு லிட்டர்தான் தள்ளுது. பெட்டியில எத்தனை லிட்டர்னு போட்டிருக்கு?

சூரியநெல்லி ஜீப்
இப்பதான் தேடி எடுத்துப் பாத்தேன். அடியில சின்ன எழுத்துல 35 லிட்டர்னு இருக்கு!

போடி டிப்பர்
அது எதிர்ப்பே இல்லாம சும்மா ஊதும்போது எடுத்த கணக்கு. டயருக்குள்ள அழுத்தம் ஏற ஏற மிஷின் தள்ளுற அளவு குறைஞ்சுக்கிட்டே வரும். 150 பி.எஸ்.ஐ.ங்கிறது அது கடைசியா எட்டக்கூடிய அழுத்தம், வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சைக்கிள் பம்புலகூட 100 ஏத்தலாம், அதுக்காக ஜீப் டயருக்கு அதை வச்சா அடிப்பீங்க?

மலை உயரமும் சேந்துக்குது. 1,500 மீட்டர் உயரத்துல வெளிக்காத்தோட அழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல ஆறுல அஞ்சு பங்குதான். ஒவ்வொரு இழுப்புக்கும் மிஷினுக்குக் கிடைக்கிற காத்தே கம்மி. இதே மிஷின் கீழ போடியில கொஞ்சம் சீக்கிரம் முடிக்கும்.

ராஜாக்காடு எலக்ட்ரிக்கல்
ஃபியூஸ் விஷயம் நான் சொல்றேன். லைட்டர் ஓட்டைக்கு வர்ற ஒயர் மெல்லிசு. பழைய வண்டியில பெரும்பாலும் 10, 15 ஆம்ப் ஃபியூஸ்தான் இருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டு சமாளிக்கலாம்னு மட்டும் நினைச்சிராதீங்க, அப்புறம் ஒயர் உருகும். எஞ்சின் ஓடிக்கிட்டிருக்க, மிஷினும் ஓடும்போது ஓட்டையில வோல்ட் எவ்வளவுன்னு மீட்டர் வச்சுப் பாத்துச் சொல்லுங்க.

சூரியநெல்லி ஜீப்
பாத்தேன் அண்ணே. பேட்டரியில 13.9, ஓட்டையில 10.8.

ராஜாக்காடு எலக்ட்ரிக்கல்
மூணு வோல்ட் வழியிலயே போயிருது. மோட்டார் எப்படி வேகமாச் சுத்தும்? பேட்டரியில இருந்து நேரா தடிச்ச ஒயர் இழுத்து, பேட்டரிப் பக்கமே ஃபியூஸ் போட்டுப் பாருங்க. காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.

கம்பம் வெல்டிங்
நாலு டயரையும் அஞ்சு நிமிஷத்துல முடிக்கணும்னா கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான். ஒரு கிலோ கேஸ் வெளிய வந்தா 500 லிட்டருக்கு மேல விரியும். நாலரைக் கிலோ சிலிண்டர் ஒண்ணு உங்களுக்கு எட்டு ஒன்பது தடவை வரும். ரெகுலேட்டர் கண்டிப்பா வேணும், உள்ள 50 பார் பக்கம் நிக்கும். மிச்சம் எவ்வளவுன்னு மீட்டர் காட்டாது, எடை போட்டுத்தான் பாக்கணும்.

ஆனா ஆள் ஏத்துற வண்டின்னு சொல்றீங்க. வெயில்ல மூடி நிறுத்தின வண்டிக்குள்ள வச்சா சிலிண்டர்ல அழுத்தம் தாறுமாறா ஏறும். கசிஞ்சா வாசனை தெரியாது, உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டும். அதனால நானே வேணாம்னுதான் சொல்லுவேன்.

இன்னொண்ணு. ஆக்சிஜன் சிலிண்டர்ல டயருக்கு அடிக்கலாம்னு யாராச்சும் யோசனை சொன்னா அந்த ஆள் பக்கமே போகாதீங்க. ரப்பரும் எண்ணெய்ப் பிசுக்கும் சுத்த ஆக்சிஜனும் சேந்தா வெடிக்கும்.

தேவிகுளம் பைக்
ஒரு ஏர் டேங்க் வாங்கி வீட்லயே நிரப்பி எடுத்துட்டுப் போனா ஆகாதா? 20 லிட்டர் டேங்க் ஒண்ணு பாத்தேன், 8 பார் தாங்குமாம்.

போடி டிப்பர்
ஆகாது தம்பி. 8 பார்ல இருந்து டயரோட 2.2 பாருக்கு (அதான் உங்க 32 பி.எஸ்.ஐ.) வர்ற வரைக்கும்தான் அதுல இருந்து காத்து ஓடும். அப்ப கையில நிக்கிறது 116 லிட்டர், ரெண்டு டயர்கூட நிறையாது. எங்க லாரியில பிரேக் டேங்க்ல ஹோஸ் மாட்டி ஏத்துவோம். அங்க எஞ்சின்ல கம்ப்ரஸர் ஓடி டேங்க்கை நிரப்பிக்கிட்டே இருக்கு, அதான் ஆகுது.

பூப்பாறை பஞ்சர் கடை
எல்லாரும் மிஷினைப் பத்தியே பேசுறீங்க. நான் வேற ஒண்ணு கேக்குறேன். 16 வரைக்கும் இறக்கச் சொன்னது யாரு? மணல்ல வண்டி புதைஞ்சா அது சரி. கல்லுப் பாதையில, அதுவும் டிரைவரோட ஏழு பேர் உக்காந்திருக்கும்போது, டயர் ஓரம் மடிஞ்சு கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல மாட்டும். என்கிட்ட வர்ற ஜீப் டயர் சிலதைக் கழட்டினா உள்ள இருந்து கருப்பு மாவு மாதிரி கொட்டும். கையில எடுத்துத் தேச்சா மை மாதிரி ஒட்டும். காத்து கம்மியா ஓடி, ஓரம் மடிஞ்சு மடிஞ்சு உள் ரப்பர் அரைபட்ட தூள் அது. அந்த டயருக்கு பஞ்சர் ஒட்டியும் பிரயோஜனமில்ல, தூக்கிப் போட வேண்டியதுதான்.

முன்னாடி 22, பின்னாடி 24 வச்சு ஒரு நாள் ஏறிப் பாருங்க. ஏத்த வேண்டிய காத்தும் பாதிக்குப் பக்கம் குறைஞ்சிரும்.

சூரியநெல்லி ஜீப்
அண்ணே, இந்தப் பக்கம் எல்லாரும் 16-தான் வைக்கிறாங்க. நானும் பாத்துப் பழகிட்டேன்.

பூப்பாறை பஞ்சர் கடை
எல்லாரும் வைக்கிறதாலதான் என் கடை ஓடுது.

போடி டிப்பர்
😄 அண்ணாச்சி சொல்றதுதான் சரி. 22-ல இருந்து 32-ன்னா டயருக்கு 41 லிட்டர் போதும். மிஷின்னு பாத்தா ரெட்டை சிலிண்டர் (காத்தை அமுக்குற பிஸ்டன் ரெண்டு) வச்சதா, பேட்டரியில நேரா கிளிப் மாட்டுறதா எடுங்க. பெட்டியில 150 லிட்டர்னு போட்டிருந்தா மலையில அதுல மூணுல ஒரு பங்கு கிடைச்சாலே ஜாஸ்தி, உங்களுக்கு அதுவே தாராளம். நிக்காம எத்தனை நிமிஷம் ஓடும்னு கடையில கேட்டு வாங்குங்க. ஓடும்போது 40 ஆம்ப் பக்கம் இழுக்கும். எஞ்சினை ஓட விட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கங்க, இல்லாட்டி அடுத்த நாள் விடியக்காலம் செல்ஃப் எடுக்காது.

சூரியநெல்லி ஜீப் (மூணு வாரம் கழிச்சு)
முதல்ல ஒயர் மாத்தினேன். பழைய மிஷினே ஒன்பது நிமிஷத்துல இருந்து ஆறுக்கு வந்துச்சு. அப்புறம் முன்னாடி 22, பின்னாடி 24 வச்சு ஏறினேன். கொஞ்சம் குலுக்கல் கூடுதல்தான், ஆனா யாரும் குறை சொல்லல. போன வாரம் தேனி போய் ரெட்டை சிலிண்டர் மிஷின் வாங்கியாச்சு. ஒரு டயருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. ஹோஸை மாத்தி மாத்தி மாட்டி, நாலும் முடிய ஆறு நிமிஷம். சவாரிக்காரங்க டீ இன்னும் குடிச்சுக்கிட்டிருக்காங்க!

ஒரே ஒரு சந்தேகம். மிஷின் மீட்டர் 32 காட்டினதும் நிறுத்துறேன். அப்புறம் கை மீட்டர் வச்சுப் பாத்தா 27-தான் இருக்கு. மிஷின் கோளாறா?

பூப்பாறை பஞ்சர் கடை
கோளாறு இல்ல. ஓடும்போது அந்த மீட்டர் காட்டுறது ஹோஸ்ல இருக்கிற அழுத்தம், டயருக்குள்ள இருக்கிறது இல்ல. வேகமான மிஷின்ல இந்த வித்தியாசம் பெருசாத் தெரியும். நிறுத்தி, முள் இறங்கி நின்ன பிறகு படிங்க. ஹோஸ் மூக்கைத் திருகிக் கழட்டும்போதும் கொஞ்சம் காத்து போகும், சட்டுனு கழட்டுங்க. இந்தப் பக்கம் வரும்போது கை மீட்டரைக் கொண்டு வாங்க, என் கடை மீட்டரோட ஒத்துப் பாத்துருவோம்.