எக்கோவை ஊருக்கு அனுப்பிய பிள்ளைகள்: உங்கள் வீட்டில் எப்படிப் பார்த்தார்கள்?

வானம்பாடி:

வேற்றுக்கிரகத்து உயிருக்குச் சிறுவர்கள் சேர்ந்து உதவும் படங்கள் எங்கள் வீட்டில் அடிக்கடி ஓடும். அவற்றில் 'எர்த் டு எக்கோ'வைப் பற்றி மட்டும் இங்கே யாரும் பேசக் காணோம். 2014-இல் வந்தபோது "ஈ.டி.யின் நகல்" (வேற்றுக்கிரகவாசியும் சிறுவனும் நண்பர்களாகும் பழைய ஸ்பீல்பெர்க் படம்) என்று பலர் ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். நெவாடாவில் ஒரு சின்னக் குடியிருப்பு. நெடுஞ்சாலை போடப்போவதாகச் சொல்லி எல்லாக் குடும்பங்களையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். டக், அலெக்ஸ், மன்ச் மூவரும் இணைபிரியாத நண்பர்கள், ஆளுக்கொரு திசையில் பிரியப்போகிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கைபேசித் திரைகளில் என்னென்னவோ புரியாத கோலங்கள் வருகின்றன. அது பாலைவனத்தில் ஓர் இடத்தைக் காட்டும் வரைபடம் என்று தெரிந்ததும், சேர்ந்திருக்கும் கடைசி இரவில் வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிளில் கிளம்புகிறார்கள். அங்கே கிடைப்பதுதான் எக்கோ. கையில் தூக்கிக்கொள்ளும் அளவு, இரும்பில் செய்த ஆந்தைக்குஞ்சு மாதிரி இருக்கும். கண்களில் நீல ஒளி. அடிபட்டுக் கிடக்கிறது. பேச்சு கிடையாது, பீப் பீப் என்ற ஒலி மட்டும்தான்.

என் அக்கா மகனும் அவன் நண்பர்களும் பார்த்தபோது கூச்சல் அடங்கியது அந்த இடத்தில்தான். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளாகப் பிள்ளைகள் கேட்கக் கேட்க, எக்கோ பீப் ஒலியால் பதில் சொல்கிறது. கேள்வி கேட்டுவிட்டு அவர்கள் காத்திருக்கும் அந்த ஓரிரு நொடியில் எங்கள் அறையிலும் யாரும் மூச்சு விடவில்லை.

படம் முடிந்ததும் பையன்கள் அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள். ஒருவன் எக்கோ. ஒரு பீப் என்றால் ஆம், இரண்டு என்றால் இல்லை என்று விதியும் போட்டாயிற்று. எக்கோ மனதில் வீட்டுப் பொருள் ஒன்றை நினைத்துக்கொள்ளும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் "பென்சிலா? செருப்பா? சாவியா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பீப். அதுவரை வாயே திறக்காமல் இருந்த கடைக்குட்டி, "இந்த அறையில் இருக்கிறதா?" என்று கேட்டான். ஒரு பீப். "அலமாரிக்குள்ளேயா?" இரண்டு பீப். நல்ல கேள்வியாக ஒன்று கேட்டால் பாதி வீட்டைக் கழித்துவிடலாம் என்பது மற்றவர்களுக்கும் பிடிபட்டுவிட்டது. அப்புறம் யாரும் கத்தவில்லை. கூடிக்கூடிப் பேசி, அடுத்து எதைக் கேட்பது என்று முடிவு செய்தார்கள்.

இந்தப் படத்தில் உதவி என்பதே அதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பிள்ளைகளிடம் ஆயுதமோ பணமோ கிடையாது. பதில் சொல்ல முடியாத ஒருவனிடம் சரியான கேள்வியைக் கேட்கும் பொறுமை இருக்கிறது. நெடுஞ்சாலை வேலை என்று சொல்லிக்கொண்டு வந்த பெரியவர்களும் எக்கோவின் விண்கப்பலைத்தான் தேடுகிறார்கள். ஆனால் எக்கோவிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

நிலாமுற்றம்:

நீங்கள் பொறுமையைப் பற்றி எழுதியதும் எனக்கு அலெக்ஸ் ஞாபகம் வந்துவிட்டான். அவன் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பையன். எந்த வீடும் நிலைக்காது என்ற பயம் அவனுக்கு உண்டு. எக்கோவோடு அதிகமாக ஒட்டிக்கொள்பவனும் அவன்தான். படம் இதைப் பெரிதாகப் பேசி விளக்குவதில்லை.

நாங்கள் பார்த்த சமயத்தில் என் மகள் புதுப் பள்ளிக்கு மாறியிருந்தாள். கேட்டால் "ம்" என்பாள், அவ்வளவுதான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, அவனுக்கும் வீடு போகப்போகுது, அதுக்கும் வீடு எங்கேயோ இருக்கு, அதனாலதான் அவனுக்கு அது சொல்றது புரியுது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பழைய பள்ளித் தோழியோடு பேச வேண்டும், போன் போட்டுக் கொடு என்று கேட்டாள். ரொம்ப நேரம் பேசினாள். அன்றிலிருந்து "ம்" போடுவது குறைந்தது.

ஒரு குறை மட்டும் உண்டு. எம்மா என்ற சிறுமி நடுவில்தான் வந்து சேர்கிறாள். பாலைவனத்துக்கு முதலில் போனது மூன்று பையன்கள் மட்டும்தான் என்பதில் என் மகளுக்கு இன்றைக்கும் கோபம். எனக்கும்தான்.

பழைய ரேடியோ:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டக் தன் கேமராக்களால் எடுத்த வீடியோ என்ற பாவனையில்தான் முழுப் படமும் வருகிறது. பெரிய திரையில் அந்த ஆட்டம் எனக்குத் தலைசுற்றலைத் தந்தது. பக்கத்தில் இருந்த என் பையனுக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. அவன் தலைமுறை எதையும் இப்படித்தான் படம் பிடிக்கிறது.

ஆனால் லாரி காட்சியில் நானும் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். பிள்ளைகள் ஓட்டிவரும் காருக்கு நேர் எதிரே லாரி வருகிறது. எக்கோ அதைக் காற்றிலேயே துண்டு துண்டாகக் கழற்றிவிடுகிறது. ஆணி, தகடு, சக்கரம் எல்லாம் காரைச் சுற்றி மிதந்து கடந்து, பின்னால் போய் மறுபடி லாரியாகக் கூடுகின்றன. எதையும் உடைக்காமல் கழற்றி மாட்டுகிறது, பாருங்கள். பழைய கடிகாரங்களைப் பிரித்துப் போடும் என் பையன், "அதுக்கு எல்லாத் துண்டும் எங்கே போகணும்னு தெரியுதுப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

இருந்தாலும் பிரிவு என்று வந்தால் என் ஓட்டு 'ஈ.டி.'க்குத்தான் (1982). ஸ்பீல்பெர்க் அந்தப் படத்தைப் பெரும்பாலும் கதை நகரும் வரிசையிலேயே எடுத்தார். அதனால் கடைசியில் விடைபெறும் காட்சியை எடுக்கும்போது அந்தப் பிள்ளைகள் பல வாரங்கள் ஈ.டி.யாக வந்த பொம்மையோடு பழகியிருந்தார்கள். அந்த அழுகை பார்ப்பவரையும் கரைத்துவிடும். கேமராவும் பெரும்பாலும் ஒரு குழந்தையின் கண் உயரத்தில்தான் இருக்கும். அம்மாவைத் தவிர மற்ற பெரியவர்களின் முகம் வெகுநேரம் தெரியாது. ஒருவரை இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தால்தான் அடையாளம் காண்கிறோம். என் பையன் அந்தச் சாவிச் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்துக்கொள்வான்.

2002-இல் மறுவெளியீடு செய்தபோது துரத்தும் காட்சியில் அதிகாரிகள் கையிலிருந்த துப்பாக்கிகளை வாக்கி-டாக்கிகளாக மாற்றினார்கள். வாய்ப்பிருந்தால் பழைய வடிவத்தையே போட்டுக் காட்டுங்கள். பெரியவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பது தெரிந்தால்தான், பிள்ளைகள் சைக்கிளை மிதித்த வேகத்துக்கு அர்த்தம் இருக்கும்.

கடல்காகம்:

இந்த வரிசையில் சத்யஜித் ராயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1962-இல் 'சந்தேஷ்' என்ற வங்கச் சிறுவர் இதழில் அவர் எழுதிய 'பங்குபாபுர் பந்து' கதையில், எல்லோரும் கேலி செய்யும் ஒரு பள்ளி ஆசிரியருக்கு வேற்றுக்கிரகவாசி நண்பனாகிறான். பின்னர் 1967-இல் 'தி ஏலியன்' என்று ஒரு திரைக்கதையும் எழுதினார். அதில் கிராமத்துச் சிறுவன் ஒருவன் வருகிறான். அது படமாகவே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். கதையை என் தங்கை பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஆசிரியர் தன்னைக் கேலி செய்தவர்களிடம் எதிர்த்துப் பேசும் இடத்தில் கைதட்டினார்கள்.

வானம்பாடி:

ராய் கதை எனக்குப் புதிது. தேடிப் படித்துவிடுகிறேன். பழைய ரேடியோ, ஈ.டி.யோடு போட்டி போட எக்கோவால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எக்கோவில் பிரிவு இரண்டு மடங்கு. கப்பல் கிளம்பிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிரிய வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பையன்களை அதிகம் பாதித்தது அந்த இரண்டாவது பிரிவுதான்.

மன்ச்சைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. நடுங்கிக்கொண்டே எல்லா இடத்துக்கும் கூடவே போகிறானே, அவனைப் பிடித்த பிள்ளைகள் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள்.