அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏறவே மாட்டேன் என்கிறது, மெக்னீசியம் குறைவாக இருக்குமோ?

தன்லின் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 67. பல வருஷமாக சுகர், மெட்ஃபார்மின் எடுக்கிறார். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை. டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்தது, அப்புறம் நாங்களே கடையில் வாங்கிக்கொள்கிறோம்.

கொஞ்ச நாளாக ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அலறி எழுந்திருக்கிறார். விரல் நுனியெல்லாம் மரமரப்பு, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். சோறு இறங்கவில்லை. நேற்று கோயிலுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தவருக்கு விரல்கள் தானாகக் குவிந்து உள்பக்கம் மடங்கிவிட்டன. நார் கையிலேயே சிக்கிக்கொண்டது, நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன்.

போன வாரம் ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 என்று வந்தது. சிரப் கொடுத்தார்கள். வேளை தவறாமல் குடித்தும் மறுபடி பார்த்தால் 3.0தான். கால்சியமும் குறைவு. மெக்னீசியம் பார்க்கவில்லை. பாங்காக்கில் இருக்கும் தம்பி மெக்னீசியம் மாத்திரை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். கொடுக்கலாமா?

பெகுக்காரர்:
பயப்படாதே தங்கச்சி. எனக்கும் இப்படிக் கால் இழுத்துக் குரக்களி பிடிக்கும். மெக்னீசியம் மாத்திரை போட்டுக்கொண்டு, பூசணி விதையும் மென்றுகொண்டிருந்தேன், நின்றுவிட்டது. தம்பியை அனுப்பச் சொல்.

மோல்மேன் நர்ஸ் அக்கா:
தங்கச்சி, மாத்திரை வரும்வரை காத்திருக்காதே. விரல்கள் தானாக மடங்கி இறுகுவதைச் சாதாரண குரக்களியோடு சேர்க்க முடியாது. இன்றைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. ஈசிஜி எடுக்கட்டும். மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாவற்றையும் ஒரே ரத்தத்தில் பார்க்கச் சொல். படபடப்போ மயக்கமோ வலிப்போ வந்தால் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடு. மெக்னீசியமும் பொட்டாசியமும் சேர்ந்து இறங்கினால் இதயத் துடிப்பு தடம் மாறும்.

பொட்டாசியம் ஏன் ஏறவில்லை என்று கேட்டாயே, நீ சொன்னதிலேயே எனக்கு உறுத்தியது அதுதான். சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்களை அடக்கி வைப்பது மெக்னீசியம். அது குறைந்தால் வாசல் திறந்தபடியே கிடக்கும், எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். கால்சியமும் அப்படியே. கால்சியத்தைப் பிடித்து வைக்கும் பாராதைராய்டு ஹார்மோன் சுரக்க மெக்னீசியம் வேண்டும். உதட்டு மரமரப்பும் விரல் மடங்குவதும் பெரும்பாலும் அந்தக் கால்சியத்தால் வருபவை. மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் மற்ற இரண்டையும் துரத்திப் பிரயோஜனம் இல்லை.

குறைவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அம்மாவின் மருந்துப் பெட்டியைப் பார். நீர் மாத்திரை சிறுநீரோடு மெக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் அதுவும் அப்படியே செய்யும். மெட்ஃபார்மினால் அடிக்கடி வயிற்றோட்டம் இருந்தால் அந்த வழியிலும் போகும். ஆனால் நான் அதிகம் சந்தேகப்படுவது கேஸ் மாத்திரையை. இங்கே மியான்மரில் கடையில் அட்டையைக் கத்தரித்துத்தானே கொடுக்கிறார்கள், பெயரில் பாதி போய்விடும். மிச்சம் இருக்கும் எழுத்து 'ப்ரசோல்' என்று முடிகிறதா பார். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ஈசோமிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். வருஷக்கணக்கில் எடுத்தால் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது சிலருக்குக் குறைந்துவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் பார்த்தவர்களில் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் போதவில்லை, அந்த மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்தது. நீயாகச் சட்டென்று நிறுத்தாதே, நெஞ்செரிச்சல் முன்னைவிட அதிகமாகத் திரும்பலாம். டாக்டரிடம் அட்டையைக் காட்டிக் கேள்.

பெகு அண்ணனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, அதனால் மிச்சமானதை வெளியே தள்ளிவிட்டது. கிரியாட்டினின் தெரியாத சுகர்காரருக்கு இதைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். நான் வருஷக்கணக்கில் பிரசவ வார்டில் இருந்தவள். வலிப்பு கண்ட தாய்மாருக்கு மெக்னீசியம் சல்ஃபேட் போடுவோம், உயிர் காக்கும் மருந்து. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்போம், கால் துள்ள வேண்டும். மூச்சு நிமிஷத்துக்கு 16க்குக் குறையக்கூடாது. சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஊசி கிடையாது. கூடிப்போனால் மூச்சையே அமுக்கும் என்பதால் பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் தயாராக இருக்கும். அதைப் பார்த்துப் பழகியதால்தான் சொல்கிறேன்.

யாங்கோன் வாசகி:
அக்கா, எனக்கு மெக்னீசியம் 1.8, நார்மல் என்கிறார்கள். ஆனாலும் ராத்திரியில் கால் இழுக்கிறது. எப்சம் உப்பு, அதுவும் மெக்னீசியம் உப்புதானாம், அதைப் போட்ட தண்ணீரில் காலை வைக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

மோல்மேன் நர்ஸ் அக்கா:
உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது, பாதிக்கு மேல் எலும்பில். ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் நார்மல் என்று வந்தாலும் உள்ளே குறைவு இருக்கலாம். ஆனால் குரக்களி என்றாலே மெக்னீசியம் என்பதும் சரியில்லை. வயதானவர்களின் ராத்திரிக் குரக்களிக்கு மாத்திரை கொடுத்துச் செய்த ஆய்வுகளில் சொல்லிக்கொள்கிற பலன் தெரியவில்லை. படுக்கும் முன் சுவரில் கையை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை நீட்டி இழு. வெந்நீர் இதமாக இருக்கும், வைத்துக்கொள். மெக்னீசியம் அந்த வழியாக உள்ளே போகும் என்று நம்பாதே.

சாப்பாட்டைக் கவனி. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 320 மி.கி., ஆண்களுக்கு 420 மி.கி. வரை தேவை. தீட்டிய வெள்ளை அரிசியில் மெக்னீசியம் தவிட்டோடு போய்விடுகிறது, நாம் மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிடுகிறோம். ஆனால் நம் ஊரிலேயே மருந்து இருக்கிறது. லபெத் என்கிற ஊறவைத்த தேயிலைத் தட்டில் ஓரமாக வைக்கிற எள், வேர்க்கடலை, வறுத்த பருப்பு எல்லாம் மெக்னீசியம் நிறைந்தவை. எள்ளில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவுக்கு உண்டு. தெருமுனையில் விற்கும் அவித்த பட்டாணி, முருங்கைக்கீரை, பூசணி விதை எல்லாம் நல்லவை.

தன்லின் மகள்:
அக்கா, அன்றைக்கே கூட்டிப் போனோம். மெக்னீசியம் 0.8. வார்டில் சேர்த்து நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள், ஈசிஜி மெஷினைக் கழற்றவே இல்லை. கிரியாட்டினின் நல்லபடியாக இருந்தது. பொட்டாசியம் இப்போது 3.7. கடைக்காரர் கொடுத்த அட்டை 'ப்ரசோல்'தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஃபாமோடிடின் என்கிற வேறு வகை கேஸ் மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள், நீர் மாத்திரையையும் மாற்றினார்கள். நேற்று தட்டில் போட்ட சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். வீட்டுக்கு மெக்னீசியம் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நம்பர்தான் சரியாகிவிட்டதே, எதற்கு இன்னும்? தம்பி அனுப்பியதும் வந்துவிட்டது. அப்பாவுக்கு மலச்சிக்கல், அவருக்குக் கொடுக்கலாமா? அவருடைய கிரியாட்டினின் 2.6.

மோல்மேன் நர்ஸ் அக்கா:
கேட்க வயிறு குளிர்ந்தது தங்கச்சி. நரம்பில் ஏற்றியதில் பாதியளவு சிறுநீரில் போய்விடும், எலும்பும் தசையும் நிரம்ப வாரக்கணக்காகும். அதனால் எழுதிக் கொடுத்த வரைக்கும் நிறுத்தாதே. வயிற்றோட்டம் வந்தால் உடனே சொல், அளவைப் பிரித்துக் கொடுப்பார்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி ஏதாவது ஆன்டிபயாடிக் மாத்திரை நடுவில் வந்தால் மெக்னீசியத்தோடு சேர்த்து விழுங்க வைக்காதே. அந்த மாத்திரை முதலில், இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம் மெக்னீசியம்.

அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். 2.6 என்றால் அவருடைய சிறுநீரகம் மிச்சத்தைத் தள்ளாது. கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற வெள்ளைப் பால் மருந்தும் மெக்னீசியம்தான், சில அசிடிட்டி சிரப்பிலும் இருக்கும். மலச்சிக்கலுக்கு வேறு மருந்து இருக்கிறது, அவருடைய டாக்டரிடம் கேட்டு வாங்கு. தம்பி அனுப்பிய பாட்டிலை அப்பா கையில் படாத இடத்தில் வை.